புட்டிக்கும் குலமா?

வெள்ளை ஒயினைச் சுவைப்பது பற்றி எழுத்தா, அதுவும் பழுப்பு நிலக்கரி நகராம் நெய்வேலியிலிருந்தா என்று தோழர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். நெரிக்கட்டும்! 2024 ஜூனிலே, நமக்கு மேற்கே கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலே, மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றதே, அந்த ஒப்பாரி காதிலே ஒலிக்கும்போது மதுவின் மாண்பு பாட நாம் முன்வரவில்லை. மயங்கக் குடிப்பது வேறு. அறியச் சுவைப்பது வேறு. சுவைப்பதையே தொழிலாகக் கொண்டோர் பெரும்பாலும் விழுங்குவதுகூட இல்லை. குவளையிலே சிறிது ஊற்றி, நிறம் பார்த்து, சுழற்றி, முகர்ந்து, நாவிலே பரப்பி, உமிழ்ந்துவிடுகிறார்கள். மணத்துக்கே முதலிடம், மூக்கடைத்தவனுக்கு எந்த ஒயினும் புளித்த நீர்தான்.

பிழிந்து தோல் நீக்கிய திராட்சைச் சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் ஏறத்தாழ முழுதும் தின்று தீர்த்தால், அது உலர் ஒயின். லிட்டருக்கு 4 கிராமுக்குள்ளேதான் பொதுவாக இனிப்பு எஞ்சும். இனிப்புப் போர்வை அகன்றபின், புளிப்பும் மணமும் ஒளிய இடமின்றி நிற்கின்றன. குறையும் அவ்வாறே!

நகரியக் குடியிருப்பிலே ஒரு விடுமுறை மாலை, நண்பர் நால்வர் கூடினோம். சோவிஞோன் பிளாங்க் என்னும் ஒரே வகைத் திராட்சையின் ஒயின்கள் இரண்டு: ஒன்று பிரெஞ்சு நாட்டது, மற்றொன்று நாசிக்கிலே விளைந்தது. இரண்டையும் செய்தித்தாளிலே சுற்றி மறைத்தோம். நால்வருள் ஒருவர் சுரங்கத் தொழிலாளி. தந்தையைச் சாராயத்துக்குப் பறிகொடுத்தவர். ஒரு சொட்டும் தொடேன் என்ற உறுதியோடு, முகர்ந்து பார்க்க மட்டுமே இசைந்தார். அவர் மூக்கன்றோ மற்ற மூவரையும் வென்றது! "இதிலே கொய்யாக்காய் நறுக்கிய வாசம், அதிலே மழை நனைத்த கல்லின் வாசம்" என்றார். வியப்பென்ன? அந்தத் திராட்சையின் ஒயினிலே கந்தகம் கொண்ட மணப்பொருள்கள் உண்டு. அவற்றுள் சில கொய்யாவிலும் உண்டு.

மூவரும் கொய்யா மணத்ததையே சிறந்ததென்றோம். காகிதத்தைப் பிரித்தால், அது நாசிக்! உடனே ஒரு நண்பர், "இருந்தாலும் பிரெஞ்சிலேதான் ஆழம்" என்று பின்வாங்கினார். பூணூலைக் கண்டதும் எழுந்து நிற்கும் பழக்கம் நாவுக்கும் உண்டுபோலும்!

அவரை மட்டும் நகைப்பானேன்? 2001இல் வெளியான ஆய்வொன்றிலே, போர்தோவில் ஒயின் கலை பயின்ற மாணவர் 54 பேருக்கு, மணமற்ற சிவப்புச் சாயமிட்ட வெள்ளை ஒயினைத் தந்தார்கள். அவர்களோ சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலே அதை வருணித்தார்கள்! கண் சொன்னதை மூக்கு வழிமொழிந்தது. 1976 மே 24 அன்று பாரிசிலே, ஸ்டீவன் ஸ்பரியர் என்னும் ஆங்கிலேய ஒயின் வணிகர் பெயரை மறைத்துப் போட்டி வைத்தார். பிரெஞ்சு நடுவர்கள் வெள்ளை ஒயின்களிலே முதலிடம் தந்தது எதற்கு? பர்கண்டிக்கா? இல்லை, கலிபோர்னியாவின் ஷாட்டோ மான்ட்டெலினாவுக்கு!

நம் ஊரிலே நிலக்கரியை எவரும் பெயர் கேட்டு மதிப்பதில்லை. ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, எரித்தால் வெப்பம் எவ்வளவு என்று அளந்தே தரம் பார்க்கிறார்கள்.

செய்து பார்க்க விரும்புவோர் புட்டியை 8 முதல் 10 பாகை வரை குளிரவைக்கவேண்டும்; நெய்வேலிக் கோடையிலே பனிக்கட்டி நீரில் நிறுத்தினால்தான் அது நடக்கும். காகிதத்தைக் கழுத்துவரை சுற்றுங்கள். குடிக்காத நண்பர் ஒருவரையும் அழையுங்கள்.