வெள்ளம் புகுந்த யந்திரம்

2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் நமது தாமிரபரணி கரைபுரண்டோடிய கதையை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் வண்டி பிரயாணிகளோடு நின்றுவிட்டதும், 1992-ஆம் வருஷத்து வெள்ளத்தைக் கண்ட முதியோர்கூட வாயடைத்துப் போனதும் யாவரும் அறிந்தவையே. நான் சொல்லப் புகுந்தது, அவ்வெள்ளத்தில் ஓர் இரவும் ஒரு பகலும் முழுகிக் கிடந்த மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பற்றியது. அதனினும், அதன் பொருட்டு என் தந்தையாரிடம் நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியது.

அது 350 ஸி.ஸி. புல்லட். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் பிறந்த மாதிரி. 1955-ஆம் வருஷத்தில் சென்னையில் தோன்றிய என்பீல்டு இந்தியா கம்பெனியார் அதை இங்கே கொணர்ந்து, தாய்த் தொழிற்சாலை மூடிய பின்னும் பல்லாண்டுகள் அதிக மாறுதலின்றிச் செய்துவந்தனர். என் தந்தையார் சேரன்மகாதேவியில் ஆசிரியராயிருந்த காலத்தில், பிறர் ஓட்டிய அவ்வண்டியை விலைக்கு வாங்கினார். வயல்களுக்கும் வாய்க்கால்களுக்கும் இடையே அவர் அதில் வருவதை, உருவம் தெரியுமுன் ஓசையினாலேயே அறிவோம். வேலையினின்றும் ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிறுதோறும் அதைத் துடைத்து வைப்பார். எங்களைத் தொட விடார்.

எங்கள் வீடு சிந்துபூந்துறையில் உள்ளது. வெள்ளத்துக்கு முதல் நாள் தந்தையாரைப் பாளையங்கோட்டையில் அத்தை வீட்டிற்கு அனுப்பியிருந்தோம். நீர் வடிந்தபின் நான் மட்டும் திரும்பி வந்து பார்க்கையில், வண்டி ஆசனம் வரையில் வண்டல் பூசி நின்றது. அவர் வருமுன் அதை ஓடச்செய்து காட்டவேண்டும் என்ற ஆசை எனக்கு எழுந்தது. பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றினேன், கார்புரேட்டரைத் துடைத்தேன், பாயிண்ட்டை வெயிலில் உலர்த்தினேன். எண்ணெயை மாத்திரம் மாற்றவில்லை. பௌதிகம் பயிலும் மாணவனுக்கு அது தோன்றாமற்போனது ஆச்சரியந்தான். மாலையில் எஞ்சின் உயிர்பெற்றது. அந்தச் சந்தோஷத்தை என்னென்பேன்! ஆனால் இரண்டு நிமிஷங்களுக்குள் அடிவயிற்றிலிருந்து சுத்தியலால் தட்டுவதுபோல் ஓசை கேட்டது. நிறுத்தினேன். மறுநாள் தந்தையார் வந்ததும், "வெள்ளம் உள்ளே போய்விட்டது, அப்பா, எஞ்சின் கெட்டுவிட்டது" என்றேன். இரண்டும் வாஸ்தவம். இவற்றின் நடுவே இருந்ததை நான் சொல்லவில்லை.

எங்களூரில் புல்லட் வேலைக்குப் பேர்பெற்ற முதியவர் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. தந்தையாரை அவர் 'ஸார்வாள்' என்றே அழைப்பார். பட்டறை முற்றத்தில் தந்தையார் ஒரு பெஞ்சில் அமர, நான் அண்ணாச்சிக்கு எடுபிடியானேன்.

வடிகால் போல்ட்டைத் திறந்ததும் எண்ணெய்க்குப் பதிலாகப் பால் கலந்த காப்பி போன்ற ஒன்று இறங்கிற்று. எண்ணெயும் நீரும் கடையப்பட்டால்தான் அந்நிறம் வரும். அண்ணாச்சி விரலில் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஸிலிண்டர் தலை, பாரல், பிஸ்டன் ஆகிய மேற்பாகங்கள் ஒரு மணி நேரத்தில் கழன்றன. அவற்றில் துருவன்றி வேறு குறையில்லை. இதற்குக் கீழ்தான் பொறுமையைச் சோதிக்கும் வேலை.

பிரைமரி செயினையும் கிளட்சையும் ஒரு பக்கம் களைந்தோம். மறுபக்கம் டைமிங் மூடியைத் திறந்தபோது, அண்ணாச்சி முதலில் தேடியது மூடியின் உட்புறத்தில் இருந்த ஒரு சிறு தக்கை வளையத்தை. பம்ப் தள்ளும் எண்ணெய் அவ்வளையத்தின் நடுவே துளையுள்ள ஒரு போல்ட்டின் வழியாக அச்சுக்குள் நுழைந்து, ஃப்ளைவீலைக் கடந்து, கிராங்க் பின்னை அடைகிறது. தக்கை தேய்ந்தால் எண்ணெய் அங்கேயே சிந்திவிடும். சில ரூபாய்ப் பொருள் பல்லாயிரம் ரூபாய்ப் பொருளை எரித்துவிடும். "தக்கை நல்லாத்தான் இருக்கு, ஸார்வாள்" என்றார் அண்ணாச்சி. எனக்கு வயிற்றில் சங்கடம் உண்டாயிற்று. தக்கை கெட்டிருக்கக் கூடாதா என்று எண்ணினேன்.

அடுத்தது பம்பை ஓட்டும் வர்ம் நட்டு. நான் ஸ்பானரை மாட்டி வழக்கம்போல் திருப்பப் போனேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இது இடம்புரி. சங்கிலே வலம்புரி அருமை. நட்டிலே இடம்புரி அருமை." முத்துக்குளித்த கடலுக்கு அருகில் வாழ்பவர் வேறு எவ்விதம் சொல்வார்!

கிராங்க் கேஸின் இரு பாதிகளையும் பிரிக்க அவர் திருப்புளியை அருகில் அண்டவிடவில்லை. பொருத்து முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் ஆயுள் முழுதும் எண்ணெய் ஒழுகும் என்றார். பேரிங் உட்கார்ந்திருக்கும் இடத்தை மெல்லச் சூடாக்கி, மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டினார். பனங்கிழங்கைப் பிளந்தாற்போல் பெட்டி இரண்டாகப் பிரிந்தது. நடுவில் பீலியைப்போல் கனெக்டிங் ராட் நிமிர்ந்து நின்றது. பெட்டியின் அடியில் விரற்கடை உயரம் வண்டல் படிந்திருந்தது. வயலில் படிந்தால் உழவர் மகிழும் அதே வண்டல்.

ராட்டைப் பக்கவாட்டில் அசைத்தார், அவ்வசைவு இருக்கவேண்டியதே. மேலும் கீழும் தூக்கினார், 'டக்' என்றது. அது இருக்கலாகாது. ஃப்ளைவீல்களைப் பிரித்துக் கிராங்க் பின்னிலிருந்து புஷ்ஷைக் கழற்றினார். பழைய புல்லட்டில் இவ்விடத்தில் ரோலர் பேரிங் இல்லை. இருபுறமும் மிருதுவான ஒயிட் மெட்டல் பூசிய வளையம் ஒன்று, பின்னோடும் ஒட்டாமல் ராட்டோடும் ஒட்டாமல், எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து சுழல்கிறது. எங்கள் பாடப்புத்தகத்தில் இதைப்பற்றி ஒரு வரியும் இல்லை.

அண்ணாச்சி அதை வெளிச்சத்தில் பிடித்தார். சுற்றிலும் வட்ட வட்டமாகக் கீறல்கள். அவற்றினூடே மணல் துகள்கள் பதிந்து மின்னின. மெயின் பேரிங்கையும் எடுத்துக் காட்டினார். அதில் ரோலர்கள் அமர்ந்திருந்த இடங்களில் மட்டும் வரிசையாகத் துருக்கோடுகள் இருந்தன.

"ஸார்வாள், இது நின்ன இடத்திலே தண்ணி செஞ்சது" என்று பேரிங்கை வைத்தார். புஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, "இது..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நின்ற எஞ்சினில் மண் படியலாம். சுழன்ற எஞ்சினில்தான் வட்டமாய்க் கீறும் என்பதை விளக்க எவரும் தேவையில்லை. தந்தையார் எழுந்து வந்து வளையத்தை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"நான் மிதித்துப் பார்த்தேன், அப்பா, எண்ணெயை மாற்றவில்லை" என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எவ்வளவு நேரம் ஓடிற்று?" என்றார்.

"இரண்டு நிமிஷம்."

"சத்தம் நன்றாயிருந்ததா?"

"முதலில் நன்றாயிருந்தது."

வளையத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பெஞ்சிற்குத் திரும்பிவிட்டார்.

மற்றவை அதிக நாள் பிடித்தாலும் சொல்லச் சிறியவை. எண்ணெய்த் துவாரம் ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெய் பீச்சிக் காற்றூதினோம். ஃப்ளைவீலுக்குள் ஓடும் துவாரத்தில்தான் வண்டல் மிகுதியாய் ஒளிந்திருந்தது. புதிய பின்னும் புஷ்ஷும் பூட்டிய கிராங்க் லேத் பட்டறைக்குச் சென்றது. இரு ஃப்ளைவீல்களும் ஒரே நேர்கோட்டில் சுழலவேண்டும். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டால் ஓரிரு பங்குக்குமேல் கோணல் ஆகாது என்பது அண்ணாச்சியின் கணக்கு. செப்புச் சுத்தியால் தட்டுவதும் முள்ளைப் பார்ப்பதுமாக ஒரு பகல் கழிந்தது. தக்கை வளையம் நன்றாயிருந்தும் புதியதே இடப்பட்டது. இடம்புரி நட்டை நான் முடுக்கினேன்.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் வண்டி முற்றத்தில் நின்றது. தந்தையார் அளவுக்குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, எண்ணெயின் நிறத்தை வெயிலில் பார்த்தார். பின்பு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு இரண்டடி பின்வாங்கி, "நீயே மிதி" என்றார்.