பெர்லினில் ஒரு பகல்

பெர்லின் நகரத்தைப் பார்ப்பதென்றால் பணப்பை கனமாயிருக்க வேண்டும் என்று பலர் நமக்குப் புத்தி சொல்லியிருந்தார்கள். நம்மிடம் இருந்ததோ ஒரே ஒரு பகல், பையிலும் சொற்பமே. ஆகவே வழிகாட்டிகளைத் தூரத்திலேயே கும்பிட்டுவிட்டு, நண்பரும் நாமும் ஆளுக்கொரு நாள் சீட்டு வாங்கிக் கொண்டோம். பஸ், டிராம், பாதாள ரயில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சீட்டே போதும். அங்கே ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது; யாரும் வழிமறித்துச் சீட்டைக் கேட்பதுமில்லை. ஆயினும் காகிதச் சீட்டை நிலையத்திலுள்ள சிறு பெட்டியில் சொருகி முத்திரை குத்திக் கொள்ளாமல் ஏறினால், சாதாரண உடையில் வரும் பரிசோதகர் 60 யூரோ தண்டம் வாங்கிவிடுவார். நண்பர் பயந்துபோய்த் தம் சீட்டை இரண்டு முறை குத்தப் பார்த்தார்.

மிருகக்காட்சிசாலை நிலையத்திலிருந்து அலெக்ஸாண்டர் சதுக்கம் வரை ஓடும் 100-ஆம் நம்பர் பஸ் ஏழைப் பிரயாணிகளுக்கென்றே ஏற்பட்டது எனலாம். மஞ்சள் நிற மாடி பஸ். மேல் தட்டில் முன் ஆசனம் கிடைத்துவிட்டால் அது ராஜபோகந்தான். டியர்கார்ட்டன் என்னும் பெருஞ்சோலையினூடே, பெல்வ்யூ மாளிகையைத் தாண்டி, ரைக்ஸ்டாக் என்னும் பார்லிமெண்டு மாளிகைக்கு அருகில் நம்மை இறக்கிவிட்டது.

1894-இல் திறக்கப்பட்ட இம்மாளிகை 1933 பிப்ரவரியில் தீக்கிரையாயிற்று. அதையே சாக்காக வைத்து ஹிட்லர் ஜனங்களின் சுதந்திரங்களைப் பறித்தான். 1999-இல் பிரிட்டிஷ் சிற்பி நார்மன் பாஸ்டர் அதன் உச்சியில் கண்ணாடிக் கூண்டு ஒன்றை அமைத்துக் கொடுத்தார். ஏறிப் பார்க்கக் கட்டணம் கிடையாது. முன்கூட்டியே பெயரைப் பதிந்து, பாஸ்போர்ட்டைக் கொண்டு போனால் போதும். சுழன்று செல்லும் சரிவுப் பாதையில் ஏறும்போது, கீழே கண்ணாடியின் வழியாகச் சபா மண்டபம் தெரிகிறது. பிரதிநிதிகளின் தலைக்கு மேலே சாதாரண ஜனங்கள் உலாவுகிறார்கள்! இந்த ஏற்பாட்டை எல்லாத் தேசத்துச் சட்டசபைகளிலும் செய்தால் என்ன என்று நமக்குத் தோன்றிற்று.

பிராண்டன்பர்க் வாயில் அங்கிருந்து கூப்பிடு தூரம். அதன் உச்சியிலுள்ள ரதத்தை 1806-இல் நெப்போலியன் பாரிஸுக்குக் கொண்டு போனதும், 1814-இல் அது திரும்பி வந்ததும் அறிந்ததே. படம் பிடிப்போர் கூட்டம் அதிகம்; நாம் அங்கே நெடுநேரம் நிற்கவில்லை. சற்றுத் தெற்கே, கொலையுண்ட யூதர்களின் ஞாபகார்த்தமாக 2005-இல் திறக்கப்பட்ட 2,711 சாம்பல் நிறக் கான்கிரீட் பாளங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஓரத்தில் முழங்கால் அளவே இருக்கும் பாளங்கள், உள்ளே போகப் போக நம் தலையை மறைக்கின்றன. நண்பர் இரண்டு வரிசை தள்ளி நடந்தார். காலடி ஓசை கேட்டதே தவிர ஆளைக் காணவில்லை.

மத்தியான போஜனம் ஒரு ரொட்டிக் கடையில். குடித்த தண்ணீர்ப் புட்டியைக் கடை இயந்திரத்தில் திருப்பிப் போட்டதும் 25 சென்ட் வந்தது. இந்த லாபத்தில் நண்பருக்கு உண்டான சந்தோஷம், ரைக்ஸ்டாக்கைப் பார்த்தபோதுகூட உண்டாகவில்லை.

பேபல் சதுக்கத்தில் தரையில் பதித்த கண்ணாடியைக் குனிந்து பார்த்தால், உள்ளே வெறும் வெள்ளைப் புத்தக அலமாரிகள். 1933 மே 10-ஆம் தேதி இரவு இங்கே புத்தகங்களைக் கொளுத்தினார்கள். சுமார் 20,000 நூல்களுக்குரிய இடம் அங்கே காலியாக இருக்கிறது. எதிரே சர்வகலாசாலை. டாக்டர் ஜாகிர் ஹுசேனும் ராம் மனோகர் லோகியாவும் பட்டம் பெற்றது இங்கேதான். உப்பு வரியைப் பற்றி லோகியா ஆராய்ச்சி செய்த கலாசாலையின் வாசலில் இன்று பழைய புத்தகங்களைப் பரப்பி விற்கிறார்கள்.

பிற்பகலில் ‘பயங்கரத்தின் தலம்’ என்னும் காட்சிசாலைக்குப் போனோம். கெஸ்டபோ என்ற ரகசியப் போலீஸின் தலைமை ஸ்தலம் இருந்த மண் அது. அனுமதி இலவசம். படங்களையும் உத்தரவுகளையும் வரிசையாகப் படித்துக்கொண்டே வந்த நாம், 1941 என்ற வருஷத்தைக் கண்டதும் நின்றுவிட்டோம். அவ்வருஷம் ஏப்ரலில்தான் நேதாஜி காபூல், மாஸ்கோ வழியாக இந்நகரத்தை அடைந்தார். சுதந்திர இந்தியா மையத்தை அவர் இங்கே அமைத்துக் கொண்டிருந்த அதே இலையுதிர் காலத்தில், அக்டோபர் 18-ஆம் தேதி, பெர்லின் யூதர்களை ஏற்றிய முதல் ரயில் குரூனவால்ட் நிலையத்திலிருந்து கிழக்கே புறப்பட்டது.

“அடிமைத் தேசத்தான் உதவி கேட்டு எந்தக் கதவைத் தட்டுவான்? திறக்கிற கதவைத்தானே?” என்றார் நண்பர்.

“கதவு எங்கே திறந்தது? இந்தியாவின் சுதந்திரத்தை அங்கீகரித்து ஒரு பிரகடனம் செய்யும்படி அவர் கேட்டார். 1942 மேயில் ஹிட்லரை நேரிலே கண்டும் அது கிடைக்கவில்லை. 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்தில் நீர்மூழ்கியில் ஏறிப் போய்விட்டாரே!” என்றோம்.

“அப்படியானால் அவர் வந்தது பிசகு என்கிறீர்களா?”

நம்மால் அப்படிச் சொல்ல முடியவில்லை. வீட்டுச் சுவரில் மாலையிட்ட அந்தப் படத்தின் முன் வளர்ந்தவர்கள் நாம். ஆனால், எதிரே இருந்த படத்தில் ஒரு தாய் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ரயிலுக்குக் காத்து நின்றாள். அவளைப் பார்த்துக்கொண்டே, பிசகில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

வெளியே வந்தபோது விளக்குகள் ஏற்றிவிட்டார்கள். மறுபடியும் 100-ஆம் நம்பர் பஸ், மேல் தட்டு, முன் ஆசனம். சோலையின் தென்புறத்தில் தூதரகங்கள் இருக்கும் பக்கம் வந்ததும், “அந்த மையம் இங்கேதான் எங்கோ இருந்ததாம்” என்று சொல்லி நண்பர் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார். இருட்டில் மரங்கள்தாம் தெரிந்தன.