பேர் விட்டுப்போகாமல்

வெளிப்படுத்தின விசேஷம் முடிகிற பக்கத்தில், அச்சுக்குக் கீழே இருக்கும் வெற்றிடத்தில், பதினேழு பென்சில் கோடுகள். எல்லாம் நெட்டுக் கோடுகள். சில நேராக நிற்கின்றன, சில காற்றுக்குச் சாய்ந்த புல்லைப் போலக் கிடக்கின்றன. கடைசி நான்கும் நடுங்கியவை. மூணாறு மலையில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்த என் ஆச்சி தன் கையால் எழுதியது இவ்வளவுதான். ஒரு கோடு என்றால், ஒருமுறை வேதம் முழுவதையும் கேட்டு முடித்தாள் என்று பொருள். ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது. முதலில் அப்பா வாசித்தார், பிறகு அத்தை, கடைசி ஏழு கோடுகளுக்கு நான்.

அந்த வேதாகமம் தையல் விட்டுப்போய்விட்டது. பைண்டிங்குக்குக் கொடுப்பதற்காக எடுத்தபோது கோடுகளை மறுபடி எண்ணினேன். மனசு கணக்குக்குள் போய்விட்டது.

வேதத்தில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் வாரத்துக்கு 23. ஐம்பத்திரண்டு வாரத்தில் 1,196. ஏழு அதிகாரத்துக்கு இடம் மிச்சமிருக்க வருஷம் முடிந்துவிடும். சபைகளில் வாய்வழியாக வருகிற பழைய கணக்கு இது. மோசேயோ பவுலோ அதிகாரம் பிரித்து எழுதவில்லை. இன்று நாம் வாசிக்கும் பிரிவு, பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற இங்கிலாந்துப் பேராயர் செய்தது என்பார்கள். தான் வகுத்ததை எண்ணூறு வருஷம் கழித்து ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒருத்தி மூன்று மூன்றாகப் பங்கு வைப்பாள் என்று அவர் நினைத்திருக்க முடியாது. எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது.

ஜனவரி முதல் தேதி தொடங்கினால் வேதத்துக்கென்று ஒரு பருவகாலம் அமைந்துவிடும். புல் மேல் உறைபனி வெளுத்துக் கிடக்கும் நாட்களில் ஆதியாகமம். மார்ச் நடுவில் ரூத் கதிர் பொறுக்க வருவாள். மே கடைசியில் சங்கீதம் தொடங்கும். தென்மேற்கு மழை தகரக் கூரையில் இறங்கி, கத்தி வாசித்தாலும் காது கேட்காத ஜூலைத் தொடக்கத்தில், 176 வசனம் நீளும் 119-ஆம் சங்கீதம் வந்து சேரும். அக்டோபர் பத்துவாக்கில் மத்தேயு. கேரல் பாட்டுக்காரர்கள் லயம் லயமாக ஏறி வரும்போது நாங்கள் வெளிப்படுத்தின விசேஷத்தில் இருப்போம்.

சித்திரை பிறக்கிறபோது வருவது முதலாம் நாளாகமம். ஆதாமில் தொடங்கி ஒன்பது அதிகாரம் பெரும்பாலும் பெயர்கள்தான். இன்னார் இன்னாரைப் பெற்றார், அவர் பிள்ளைகள் இன்னார் இன்னார். மூன்று நாள் வாசிப்பு. ஒரு வருஷம் அந்த இடத்துக்கு வந்தபோது எனக்குப் பத்து வயது. அடுப்பில் கட்டஞ்சாயா கொதித்துக்கொண்டிருந்தது, ஆச்சி பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பசி. ஒரு பத்தியில் பாதியைத் தாண்டிவிட்டேன்.

பீன்ஸ் உரிக்கிற சத்தம் நின்றது.

“எங்கட்டி தாண்டுன?”

“இல்ல ஆச்சி.”

“தகப்பன் பேரச் சொன்ன. அவன் பிள்ளைக எங்க?”

“வெறும் பேருதான ஆச்சி.”

ஆச்சி அதட்டவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “செக்ரோல்ல எம்பேரு ஒருநா விட்டுப்போச்சு. காலைல பெரட்டுக்கு நின்னேன், பொழுதன்னைக்கும் நெரை பிடிச்சேன், கூடை கூடையா எடைக்குப் போட்டேன். சம்பளத்தன்னைக்குப் பாத்தா அந்த நாளக் காணும். நான் மலைக்கு வரவே இல்லன்னு ஆயிருச்சு. வெறும் பேருன்னு சொல்லாத. ஒவ்வொருத்தனும் வேல செஞ்சவன். முதல்லேருந்து வாசி.”

முதலிலிருந்து வாசித்தேன். வாயில் நுழையாத பெயர்களை எழுத்துக் கூட்டி, உடைத்து, ஒட்டி. ஆச்சி ஒவ்வொரு பெயருக்கும் தலையசைத்தாள், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில், ஆள் வந்தாயிற்று என்று செக்ரோலில் பேர் குறித்துக்கொள்கிறவளைப் போல. பக்தி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அந்தத் தலையசைப்புதான் என் கண் முன்னால் வரும்.

தோட்டத்து மக்களின் நாள் அவர்களுடையதாக இருக்கவில்லை. சங்கு ஊதினால் எழ வேண்டும், பெரட்டுக்கு நிற்க வேண்டும், கங்காணி காட்டிய நெரையில் இறங்க வேண்டும். அத்தனைக்கும் பிறகு, உடம்பு கெஞ்சுகிற இரவில், ஆச்சி தனக்குத் தானே இன்னொரு பெரட்டு வைத்துக்கொண்டாள். யாரும் வைக்கச் சொல்லாதது, வராவிட்டால் யாரும் கூலி பிடிக்காதது. அந்த நாளில் அவளுக்கென்று இருந்தது அந்த அரை மணி நேரம்தான்.

கடுமையாகவும் அவள் அதை நடத்தவில்லை. காய்ச்சலில் நான்கு நாள் விட்டுப்போனால் ஐந்தாம் நாள் பதினைந்து அதிகாரம் வாசிக்க விடமாட்டாள். “இன்னைக்குள்ளது இன்னைக்கு” என்பாள். வனாந்தரத்தில் மன்னாவை அன்றன்றைக்குத்தான் பொறுக்க வேண்டும், எடுத்து வைத்தால் பூச்சி பிடிக்கும் என்று யாத்திராகமத்திலிருந்து காரணமும் சொல்வாள். அதனால் சில கோடுகளுக்கு இடையே ஒன்றரை வருஷம்கூட உண்டு. வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு இருந்ததில்லை. எதையும் தாண்டக் கூடாது என்பது மட்டும் இருந்தது.

மூணாறு டவுனுக்கு மேலே குன்றின் மேல் உள்ள சி.எஸ்.ஐ. கோவிலுக்கு 1910-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கு முன்பே அந்தக் குன்றில் கல்லறை இருந்தது. 1894 டிசம்பரில் காலராவில் இறந்துபோன எலினார் இசபெல் மே என்ற இளம் ஆங்கிலேயப் பெண்ணை அங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். தோட்டத்துத் துரைமார் பலருடைய பெயர்கள் கோவிலுக்குள் பித்தளைத் தகடுகளில் மின்னுகின்றன. ஆச்சி கிடக்கிற இடத்தில் கல் இல்லை. அதனால்தானோ என்னவோ, அவள் பெயரை நான் தினமும் ஜெபத்தில் வாய்விட்டுச் சொல்கிறேன்.

இரவில் உட்கார்ந்து தாண்டாமல் வாசிக்கிற அந்தப் பழக்கம் எதற்கு உதவும் என்று 2020 ஆகஸ்டில் தெரிந்தது. ஆறாம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களோடு லயங்களை மண் மூடிவிட்டது. எழுபது பேர். பலருக்கும் பூர்வீகம் எங்களைப் போலவே கயத்தாறு பக்கம். அந்த வாரம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. கர்த்தரிடம் சொல்ல ஒரு வார்த்தை இல்லை, கேட்க மனசும் இல்லை. ஆனால் ராத்திரி எட்டு மணிக்குக் கால் தானாகப் போய் விளக்கடியில் உட்கார்ந்தது. பத்திரிகையில் வந்திருந்த பெயர்களைச் சத்தமாக வாசித்தேன். ஒன்றையும் தாண்டவில்லை. ஒரே குடும்பப் பெயர்கள் அடுத்தடுத்து வந்தன, நாளாகமத்தில் வருகிற மாதிரியே. நம்பிக்கை என்று சொல்ல அன்றைக்கு என்னிடம் ஒன்றும் இல்லை, பழக்கம் மட்டும் இருந்தது. அது என்னை அடுத்த நாளுக்குக் கொண்டு சேர்த்தது. உணர்ச்சி பொங்கும்போது விசுவாசத்துக்கு யாருடைய துணையும் வேண்டாம். வற்றிப்போன நாளில் அதைத் தாங்குவது, பொங்காத ஆயிரம் சாதாரண நாட்களில் உட்கார்ந்த உட்காருதல்தான்.

இப்போது நான் இருப்பது பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறையில். பனையும் வெயிலுமான ஊர். மலையாளத்துக்குள் இருந்துகொண்டு தமிழில் ஜெபிக்கிற ஊர். இந்தப் பகுதித் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 2013-ல் சுல்தான்பேட்டை மறைமாவட்டமே உண்டாயிற்று. அடுத்த வீட்டு அக்கா சாயங்காலம் தவறாமல் செபமாலை சொல்வார். ஐம்பத்து மூன்று மங்கள வார்த்தை. மனசு ஓடிவிடாதா அக்கா என்று ஒருநாள் கேட்டேன். “ஓடட்டும் கண்ணு. விரல் மணி மேல இருக்கோணும். ஓடுன மனசு விரலத் தேடிட்டு வந்துரும்” என்றார். ஆச்சி இருந்திருந்தால் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

பைண்டிங் செய்பவர் இரண்டு வாரம் ஆகும் என்றார். ஓரத்தை வெட்டும்போது கடைசிப் பக்கத்துக் கோடுகளில் கத்தி படக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தேன். சித்திரை பிறந்துவிட்டது, வாசிப்பு நிற்கக் கூடாது. அக்காவிடம் அவர்களுடைய திருவிவிலியத்தை இரவல் கேட்டேன். 1995-ல் வந்த மொழிபெயர்ப்பு, எழுபத்து மூன்று நூல்கள். எங்கள் வீட்டுக் கணக்கு அதற்குப் பொருந்தாது. நாளாகமத்தைத் தேடினேன், அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை. அக்கா வாங்கிப் புரட்டி எடுத்துக் கொடுத்தார். அதில் அந்தப் புத்தகத்தின் பெயர் குறிப்பேடு.

குறிப்பேடு. ஆச்சி இதைக் கேட்டிருந்தால் செக்ரோல் என்றுதான் சொல்லியிருப்பாள்.

திண்ணையிலேயே உட்கார்ந்து சத்தமாக ஆரம்பித்தேன். அக்கா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார்.

“எல்லாப் பேரையுமா கண்ணு படிக்கோணும்?”

“எல்லாப் பேரையும்தான் அக்கா.”

அவர் தலையசைத்தார். நான் அடுத்த பெயருக்குப் போனேன்.