திரி கருகும் முன்

அகல் விளக்கில் எண்ணெய் வற்றியவுடன் சுடர் அணைந்துவிடுவதில்லை. சிறிது நேரம் திரியே எரிகிறது. வெளிச்சம் இருக்கும், கூடவே கரியும் புகையும் எழும். ஓய்வின்றி உழைப்பவரின் நிலையும் இத்தகையதே. வெளியில் நின்று காண்பவர்க்கு வெளிச்சம் மட்டுமே தெரிகிறது. புகையை அறிபவர் வீட்டார்.

இந்நிலையை முதன்முதலில் ஆராய்ந்து எழுதியவர்களுள் ஒருவர் எர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்னும் உளவியல் அறிஞர். செருமனியில் பிறந்து, நாசிகளின் கொடுமைக்குத் தப்பிச் சிறுவயதிலேயே அமெரிக்கா சென்றவர். நியூயார்க் நகரில் பகல் முழுவதும் தம்மை நாடி வருவோருக்கு ஆலோசனை வழங்கிவிட்டு, மாலையில் ஓர் இலவச மருத்துவமனைக்குச் செல்வார். போதைப் பழக்கத்தில் சிக்கிய இளைஞர் பலர் அங்கு வந்தனர். ஊதியம் இல்லாத அப்பணியை முடித்து, இரவு நெடுநேரம் கழித்தே வீடு திரும்புவார்.

அங்கு உடன் உழைத்த தன்னார்வலர்கள் மெல்ல மெல்ல மாறுவதை அவர் கண்டார். சிறு சொல்லுக்கும் சினம் வந்தது. யாருக்கு உதவ வந்தார்களோ அவர்கள்மீதே சலிப்பு உண்டானது. தலைவலியும் உறக்கமின்மையும் வாட்டின. பணியிடத்தில் இருக்கும் நேரம் கூடியது. முடியும் வேலையோ குறைந்தது. சோம்பியிருப்பவரை இது அணுகுவதில்லை. பணியை உயிராக நேசிப்பவரையே தேடி வந்து பற்றுகிறது.

அவரையும் அது விடவில்லை. குடும்பத்தோடு விடுமுறைப் பயணம் புறப்பட வேண்டிய நாளில் அவரால் படுக்கையைவிட்டு எழ இயலவில்லை. பின்னர், தம் மனத்தில் உள்ளதையெல்லாம் ஒலிப்பதிவுக் கருவியில் பேசிப் பதிவு செய்து, வேறொருவர் குரலைக் கேட்பதுபோல் கேட்டார். அதில் களைப்போடு கோபமும் ஒலித்தது. போதையால் அழிந்தவரைக் குறிக்கத் தெருவில் வழங்கிய ‘பர்ன் அவுட்’ என்னும் சொல்லையே எடுத்து, 1974ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அவர் ஆண்டார். தமிழில் அதனைப் பணிச்சோர்வு எனலாம். பணி நேரத்திற்கு வரம்பு வேண்டும், ஒருவரே ஒரே கடின வேலையைத் தொடராமல் மாற்றித் தரவேண்டும், சோர்ந்தவருக்கு விடுப்பளித்து உடன் பணியாற்றுவோர் துணைநிற்க வேண்டும் என்பன அவர் காட்டிய வழிகள். இவற்றுள் எதுவும் தனியொருவரின் மனவுறுதியால் மட்டும் நடப்பதன்று.

உலக சுகாதார நிறுவனமும் 2019ஆம் ஆண்டு இதனை நோயெனக் கூறாமல், பணியிடத்தில் முறையாகக் கையாளப்படாத நீடித்த அழுத்தத்தின் விளைவு என வரையறுத்தது. வாழ்வின் பிற துறைகளுக்கு இச்சொல்லைப் பொருத்தலாகாது என்றும் குறித்தது. வரையறை என்னும் அளவில் அது தெளிவானதே. ஆயினும், அலுவலக வாயிலோடு வேலை முடிந்துவிடுபவர்க்கே அது முழுமையாகப் பொருந்தும்.

துணிக்கடையில் பணிபுரியும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். நாள் முழுவதும் நின்றே விற்கும் நிலையை மாற்ற, கடைப் பணியாளர்க்கு இருக்கை வழங்கவேண்டும் எனத் தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டு சட்டத்தைத் திருத்தியது. பணியிடத்தைச் சீர்செய்தால் சோர்வைத் தடுக்கலாம் என்பதற்கு அந்த நாற்காலி நல்ல சான்று. ஆனால், கடை அடைத்தபின் அப்பெண்ணுக்காக வீட்டில் அரிசியும் பாத்திரமும் பிள்ளையின் வீட்டுப்பாடமும் காத்திருக்கின்றன. இந்திய அரசு 2019ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிடுகின்றனர். ஆண்கள் 97 நிமிடங்களை. அதுவும், அவ்வேலையில் கைகொடுக்கும் ஆண்களின் கணக்கு மட்டுமே. நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்கள் அப்பக்கமே செல்வதில்லை. அடுக்களையில் நாற்காலி போடச் சட்டம் எதுவும் வரப்போவதில்லை. இரவு உணவு முடிந்ததும் பாத்திரத்தைத் துலக்க எழுபவர் யார் என்பதை அவ்வீட்டாரே முடிவு செய்கின்றனர்.