கச்சேரிக்கு மிதிவண்டியில் வருபவர்

மைசூர் சௌடையா தம் வயலினின் நான்கு தந்திகளை ஏழாக்கியது, மேடைக் கச்சேரிகளில் ஒலிபெருக்கி பரவலாகாத காலத்தில். பெரிய கூட்டத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் நாதம் போய்ச் சேரவேண்டும் என்பதே அவருடைய கவலை. 1967-இல் அவர் மறைந்தார். அவர் நினைவாக, மல்லேஸ்வரத்தை ஒட்டிய காயத்ரிதேவி பூங்கா விரிவில், கே. கே. மூர்த்தியின் முயற்சியால் வயலின் வடிவிலேயே ஓர் அரங்கம் 1980-இல் எழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்து கேட்கக்கூடிய அரங்கம் அது. கடைசி வரிசை ரசிகரைப் பற்றி ஒரு கலைஞர் அவ்வளவு யோசித்திருக்கிறார். அந்த ரசிகர் அரங்குக்கு எதில் வந்து சேர்கிறார், வந்த வண்டியை எங்கே நிறுத்துகிறார் என்பதைப் பற்றிக் கட்டடக்கலை படிப்பவர்களும் கொஞ்சம் யோசிக்கலாம்.

மிதிவண்டியில் கச்சேரிக்குப் போக இசைவான இடம் என்று இந்நகரில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் மல்லேஸ்வரத்தைத்தான் சொல்வேன். 1898-இல் பெங்களூரைப் பிளேக் தாக்கியபின், நெரிசல் மிகுந்த பழைய பேட்டைக்கு மாற்றாக உருவான குடியிருப்பு இது. குறுக்குத் தெருக்கள் எண் வரிசையில் ஓடுகின்றன. வீடுகளுக்குப் பின்னால் அன்று துப்புரவுப் பணிக்கென விடப்பட்ட சந்துகள் இன்றும் உள்ளன. அண்மை ஆண்டுகளில் அவற்றுள் சிலவற்றைத் தூய்மை செய்து, சுவர்களில் ஓவியம் தீட்டி, நடப்பவர்களும் மிதிவண்டியில் செல்பவர்களும் பயன்படுத்தும்படி மாற்றியிருக்கிறார்கள். சாங்கி ஏரிக்கு அப்பால் 1909-இல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம்; அங்குள்ள மாணவர்களின் அன்றாட வாகனம் மிதிவண்டி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரின் மாலைக் காற்றில், சில மேடுகளை மிதித்து ஏறி வந்தாலும் வேர்த்து நனைந்து அரங்கினுள் நுழைய வேண்டியதில்லை.

பசுமைக் கட்டடச் சான்றிதழ்கள் இந்த வாகனத்தை அறவே மறந்துவிடவில்லை. உலகெங்கும் வழக்கிலுள்ள ‘லீட்’ மதிப்பீட்டின் நான்காம் பதிப்பு, உச்ச நேரப் பார்வையாளர்களில் 2.5 விழுக்காட்டினருக்குக் குறுகிய நேர நிறுத்துமிடமும், அங்கேயே பணிபுரிவோரில் 5 விழுக்காட்டினருக்கு நீண்ட நேர நிறுத்துமிடமும் கேட்கிறது. ஆயிரம் பேர் கூடும் அரங்கில் பார்வையாளர் கணக்கு 25 மிதிவண்டிகள். ஒரு காரை நிறுத்தும் இடத்தில் பத்து மிதிவண்டிகளை நிறுத்தலாம் என்பது பொதுவான கணக்கு. ஆகவே நாம் பேசிக்கொண்டிருப்பது மூன்று கார்களுக்கான இடத்தைப் பற்றி மட்டுமே. 2007-இல் பிரிட்டனின் இசைத் துறையினர் ‘ஜூலீஸ் பைசைக்கிள்’ என்ற அமைப்பைத் தொடங்கி, தம் துறையின் கரிம உமிழ்வைக் கணக்கிடச் செய்தபோது, அதில் மிகப் பெரிய பங்கு ரசிகர்களின் பயணத்துக்கே உரியது என்று தெரியவந்தது. மேடை விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றிவிட்டு வாசலைக் கவனியாமல் விடும் அரங்கம், தன் கணக்கின் பெரிய பகுதியைத் தொடவே இல்லை.

ஆனால் அந்த 25 என்ற எண்ணோடு வேலை முடிந்துவிடாது. அலுவலகத்துக்கு ஆட்கள் காலையில் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். கச்சேரிக்கோ எல்லோரும் அரைமணி நேரத்துக்குள் வருகிறார்கள். மங்களம் பாடி முடித்ததும் ஒரே சமயத்தில் வெளியேறுகிறார்கள். மிதிவண்டிகள் வெளியேறும் வழி கார்களின் வழியோடு கலந்தால், நெரிசலில் ஒதுங்கி நிற்கவேண்டியவர் மிதிவண்டிக்காரர்தான். மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நிறுத்திய மிதிவண்டி வளைந்த சக்கரத்தோடு வீடு திரும்புவதும் உண்டு. ஆகவே தனித் தடுப்பு வேண்டும். சக்கரத்தை மட்டும் கவ்வும் கம்பிகளை விடுத்து, வண்டியின் சட்டத்தையே பூட்டக்கூடிய கவிழ்த்த ‘ப’ வடிவக் குழாய்கள் வேண்டும். சொல்லாமல் வரும் மாலை மழைக்கு ஒரு கூரையும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. கடைக்குப் போகிறவர் வண்டியை அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கச்சேரி கேட்பவரால் இரண்டரை மணி நேரம் அது முடியாது. பெயர் வேண்டாம், நகரின் ஓர் அரங்கில் காவலர் என்னைத் தடுத்து, “பைக் என்றால் உள்ளே விடலாம் சார், சைக்கிளை வெளியே எங்காவது கட்டிவிட்டு வாருங்கள்” என்றார். அவர்மேல் குறையில்லை; அவருக்குக் கொடுக்கப்பட்ட வரைபடத்தில் மிதிவண்டி என்ற ஒன்றே இல்லை. தெருவிளக்குக் கம்பத்தில் பூட்டிவிட்டு உள்ளே போய் அமர்ந்தேன. தோடி ஆலாபனை மேலெழ மேலெழ என் மனம் அந்தக் கம்பத்தையே சுற்றி வந்தது. குளிர்சாதன இயந்திரத்தின் முனகல் செவியில் விழாதபடி அரங்கங்களில் எவ்வளவோ பொருள் செலவழிக்கிறோம். செவிக்கு வெளியே, மனத்தில் எழும் இந்த இரைச்சலும் இசையைக் கெடுக்கத்தான் செய்கிறது. அரங்கின் ஒலியியல் வாசலிலேயே தொடங்குகிறது என்று அன்று தோன்றியது.

இதற்கான விடையை வெளிநாட்டு வழிகாட்டி நூல்களில் தேட வேண்டியதில்லை. நம் ஊர்த் திரையரங்குகள் ‘சைக்கிள் ஸ்டாண்டு’ என்ற ஏற்பாட்டை வெகு காலம் நடத்தின. கீற்றுக் கொட்டகை, ஓர் ஆள், எண் பொறித்த டோக்கன், சில்லறைக் கட்டணம். வண்டிக்கு ஒரு துண்டு, கைக்கு ஒரு துண்டு. படம் முடியும்வரை பார்வையாளருக்கு வண்டியைப் பற்றிய நினைப்பே எழாது. ஒருவருக்குப் பிழைப்பும் அதில் இருந்தது. டிக்கெட் வாங்கியவரின் வாகனத்தைக் காப்பதும் தன் பொறுப்பு என்று திரையரங்கு ஏற்றுக்கொண்டிருந்தது. பசுமைக் கட்டடப் புள்ளிப் பட்டியல் குழாய்களை எண்ணுகிறது. டோக்கன் கொடுக்கும் மனிதரை எண்ணுவதில்லை. இரவு ஒன்பதரைக்குத் தனியே வண்டி எடுக்க வரும் மாணவிக்குக் குழாயைவிட அந்த மனிதரும் அவர் தலைக்குமேல் எரியும் விளக்கும்தான் முக்கியம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், அறிவொளி இயக்கத்தின் வழியே, பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். வண்டியோடு அவர்கள் அடைந்த நடமாட்ட உரிமை இரவுக் கச்சேரிவரை நீள வேண்டுமானால், நிறுத்துமிடம் கட்டடத்தின் பின்புற இருட்டில் இருக்கக் கூடாது.

“மிதிவண்டியில் யார் வருகிறார்கள்?” என்று சபாக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வருபவர்கள் எல்லோரும் பட்டுப்புடவையும் அங்கவஸ்திரமும் அணிந்து முன்வரிசைக்கு வருபவர்கள் அல்லர். விளக்கு அமைப்பவர், ஒலிவாங்கியைப் பொருத்துபவர், கூட்டிப் பெருக்குபவர், சிற்றுண்டிச்சாலையில் காப்பி ஆற்றுபவர் என்று ரசிகருக்கு முன்னே வந்து, ரசிகர் போனபின் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். உதவித்தொகையில் மாதத்தை ஓட்டும் மாணவர்கள் இருக்கிறார்கள். கச்சேரி முடிந்தபின் கேட்கும் ஆட்டோக் கட்டணம் சில நாட்களில் அனுமதிச் சீட்டின் விலையையே தாண்டிவிடும். இவர்களுடைய வண்டிக்கு இடமில்லாத வாசல், இவர்களை எதிர்பார்க்கவில்லை என்று வாய் திறவாமல் சொல்லிவிடுகிறது.

கட்டடக்கலை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் ஸ்டூடியோவில் கலையரங்கம் ஒன்றை வடிவமைக்கச் சொன்னால், தரைத்தள வரைபடத்தில் கார்களின் சரிவுப்பாதைக்கு முன்பாக, முகப்பு வாசலிலிருந்து முப்பது மீட்டருக்குள், கூரையும் விளக்கும் உள்ள ஒரு சைக்கிள் ஸ்டாண்டை வரையுங்கள். அதில் டோக்கன் கொடுப்பவர் உட்கார ஒரு நாற்காலியையும் மறவாமல் போடுங்கள். மதிப்பீட்டுக்கு வரும் பேராசிரியர் அந்த நாற்காலி எதற்கு என்று கேட்டால், சௌடையாவின் ஏழு தந்திகளிலிருந்து பேசத் தொடங்கலாம்.