குஞ்சுக்கு எத்தனை வாட்?

நாமக்கல்லில் இருந்துகொண்டு கோழிக்கணக்கு எழுதாவிட்டால் எப்படி?

எங்கள் தெருவில் ஒரு பெண், மகளிர் குழுக் கடனில் 200 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கிப் பழைய கார் ஷெட்டில் விட்டிருக்கிறார். மார்கழிப் பனி. இரண்டே இரவில் 14 போய்விட்டன. "பல்பு எரியுதுங்களே சார், அப்புறம் ஏனுங்க சாவுது?" என்றார். போய்ப் பார்த்தால், தொங்கியது 9 வாட் எல்.இ.டி. வெளிச்சம் உண்டு, சூடு ஏது? இயற்பியல் வாத்தியாருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா!

பனிக்காலத்தில் குஞ்சுக்கு 2 வாட் என்பது கணக்கு. 200 குஞ்சுக்கு 400 வாட். இரண்டு 200 வாட் குண்டு பல்பைவிட நான்கு 100 வாட் நல்லது. ஒன்று பியூஸ் போனாலும் மூன்று காப்பாற்றும். இரவு 10 மணி நேரத்துக்கு 4 யூனிட். கடனில் வளர்ப்பவருக்கு அதுவும் செலவுதான், ஆனால் குஞ்சைவிட மலிவு. முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட். பிறகு வாரம் 5 டிகிரி குறைய, பல்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினால் போதும்.

தெர்மாமீட்டரைவிட நான் குஞ்சுகளைத்தான் நம்புவேன். பல்படியில் குவிந்தால் குளிர். விலகி, வாயைத் திறந்து இரைத்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்தால் சரி.

கரண்ட் போனால்? கரிச்சட்டி தயாராக இருக்கட்டும். ஷெட்டை மட்டும் முழுக்கச் சாத்திவிடாதீர்கள். கரிப்புகை குஞ்சோடு ஆளையும் கொல்லும்.