திரை போட்டுக்கொள்ளும் ஊர்

லடாக்கில் லே நகரை விட்டுச் சிந்து நதிக்கரையோடு ஒரு பகல் பூராவும் மோட்டாரில் போனால் ஹான்லே வருகிறது. உயரம் ஏறக்குறைய 4,300 மீட்டர். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்பீர்கள். பகலில், பதினேழாம் நூற்றாண்டுப் புத்த மடாலயம். இரவில், இருட்டு!

அந்த இருட்டுக்குத்தான் ஊரே காவல். குன்றின் மேலுள்ள வானாராய்ச்சிக் கூடத்தை உத்தேசித்து, 2022-ல் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட வட்டாரத்தை இருண்ட வானக் காப்பிடம் என்று அறிவித்தார்கள். பொழுது சாய்ந்ததும் வீடுகளில் கனத்த திரையை இழுத்து விடுகிறார்கள்.

நிலவில்லாத இரவாகப் பார்த்துப் போயிருந்தோம். வழிகாட்டியாக வந்தவர் அந்த ஊர்ப் பெண்மணி. வந்தவர்களுக்கு வானத்தைக் காட்டப் பயிற்சி பெற்றவர். காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தி, 20 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டினேன். 500-ஐ அந்த இருபதால் வகுத்தால் 25. அத்தனை விநாடிக்கு மேல் திறந்து வைத்தால், பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் புள்ளியாக விழாமல் கோடாக இழுபட்டு விடும். நான் இருபதோடு நிறுத்திக்கொண்டு, அப்படியே 16 படங்கள் எடுக்க உட்கார்ந்தேன். குளிரில் பாட்டரி சீக்கிரம் சோர்ந்து போகிறது. மாற்றுப் பாட்டரியைச் சட்டைக்குள் வைத்துச் சூடு காட்ட வேண்டியிருந்தது, கைக்குழந்தை மாதிரி!

திடீரென்று ஒரு மோட்டார், பெரிய விளக்கைப் போட்டுக்கொண்டு வளைவில் திரும்பியது. ஒரு படம் வெளுத்துப் போயிற்று. வந்தவர்களும் போட்டோ எடுக்க வந்தவர்களே! அந்த அம்மாள் விறுவிறுவென்று இறங்கிப் போய், விளக்கைத் தணிக்கச் செய்துவிட்டு வந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. தினமும் நடக்கிறது போலும்.

மீதி வேலை வீட்டில், கம்ப்யூட்டரில். நட்சத்திரத்தின் மேல் நட்சத்திரம் விழும்படி 16 படங்களையும் அடுக்கிச் சராசரி பார்த்தால், ரவை தூவினாற்போல் தெரியும் கரகரப்பு நாலில் ஒரு பங்காகிறது. வானம் நகர்கிறது, குன்று நகர்வதில்லை. ஆகவே தரைப் பகுதியைத் தனியே சேர்க்க வேண்டும். அப்புறம் நிறம். ஆகாச கங்கையைக் கல்யாணப் பந்தல் போல ஊதாவும் நீலமுமாக ஜோடிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. மங்கலாக இருந்தாலும் கண்டதே போதும்.

படத்தின் அடியில் கறுப்பாக இருக்கும் இடத்தில்தான் ஊர் இருக்கிறது. அந்த அம்மாளின் வீடும் அங்கேதான்.